ஒரே டேக்

பாலம் ஒன்றுதான்.
இரண்டாவதுக்குக் காசில்லை என்று
முதல் நாளே சொல்லிவிட்டார் தண்டபாணி,
அம்பத்தூர் லேத் பட்டறையை அடகு வைத்து
யுத்தப்படம் எடுக்க வந்தவர்.

எண்ணூர் கழிமுகத்தில்
மூங்கிலும் தெர்மாகோலுமாகப் பதினெட்டு நாள்.
ரயில்பாலம். ரயில் கிடையாது.
ரயிலின் நிழல் உண்டு,
அட்டையில் வெட்டி டிராலியில் தள்ள.
போல்ட்டுகளுக்குத் தண்ணீர் பாட்டில் மூடிகள்,
கறுப்படித்து நான் ஒட்டியவை,
நானூற்றுப் பன்னிரண்டு.
எண்ணாமல் எப்படி?
மூடிக்கு ஒரு ரூபாய் என்று பேச்சு.

கதை நாற்பத்திரண்டில்.
ஊர் தன் விளக்குகளைக் கறுப்புத் துணியால் மூடிய ஏப்ரல்.
வெடிமருந்து போகிற பாலத்தைத்
தகர்க்க வருகிறான் ஒருவன்.
எந்தப் பக்கத்து ஆள் என்று
இயக்குநர் வேதமணிக்கே இடைவேளைவரை தெரியாது.
"அதான் சார் சஸ்பென்ஸ்."

ராணுவம் ஒன்பது பேர்.
இடமிருந்து வலம் போனால் இங்கிலீஷ்காரன்,
தொப்பி மாற்றித் திரும்பினால் ஜப்பான்.
டில்லிபாபு அந்த ஷெட்யூலில் நான்கு தடவை செத்தார்.
நான்காவதில் "கட்" சொன்ன பிறகும் எழவில்லை.
சேறு ஜில்லுனு கீதுப்பா, என்றார்,
கொசுதான் ஜாஸ்தி.

நாசவேலைக்காரனுக்கு மொத்தம் பதினோரு வரி வசனம்.
பாலம் இரும்பால் நிற்பதில்லை,
யாரோ ஒருத்தன் முறுக்க மறக்காத
ஒரு திருகால் நிற்கிறது என்பான்.
அதைப் படித்த மதியம்
பேட்டா வந்து இருபத்தாறு நாள்.
மறப்பதற்கு என்னிடமும் ஒன்று இருந்தது.

கடைசி ராத்திரி.
அனல்மின் நிலையத்துச் சிவப்பு விளக்கு
பிரேமுக்குள் வருகிறதென்று
தென்னை மட்டை ஒன்றை நட்டு மறைத்தார்கள்.
ஒயர் இரண்டு.
சிவப்பை முறுக்கினேன்.
கறுப்பின்மேல்
முறுக்குகிற மாதிரி கையை வைத்திருந்தேன்.

"ஆக்‌ஷன்."
வேதமணி துண்டை வீசினார்.
வெடிக்கவில்லை.
தண்ணீர் கரையை நக்குகிற சத்தம், அவ்வளவுதான்.

ஆனால்
துண்டு வீசினால் விழவேண்டும் என்று
ஒன்பது பேருக்கும் சாயங்காலமே சொல்லியாயிற்று.
விழுந்தார்கள்.
புகையில்லை, தீயில்லை,
முழுசாய் நிற்கிற பாலத்தடியில்
துள்ளி, சுருண்டு, ஒருவர்மேல் ஒருவராய்.
ஒரு தொப்பி மட்டும் கடல் பக்கம் மிதந்தது.
டில்லிபாபுவுக்கு ஐந்தாவது.
இம்முறை முனகவில்லை.

யாரும் வாய் திறக்கவில்லை.
தண்டபாணி பேட்டரிப் பக்கம் வந்தார்.
முப்பது வருடம் லேத்தில் நூல் பிசகு பார்த்த கண்
கறுப்பு ஒயரைப் பார்த்தது.
என்னைப் பார்த்தது.
குனிந்து அவரே முறுக்கினார்.
"ஈரம்," என்றார் எல்லோருக்கும் கேட்க,
"உப்புத்தண்ணி ஈரம்."

விடிந்துகொண்டிருந்தது.
மீன்படகுகளின் மோட்டார் சத்தம் வர ஆரம்பித்துவிட்டது.
இன்னொரு தடவை போலாமா என்று கேட்டதற்கு
மானிட்டரைவிட்டுக் கண்ணெடுக்காமல்
வேதமணி வேண்டாம் என்று கையசைத்தார்.

செங்குன்றத்தில் பகல் காட்சி.
என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர்.
அந்த இடம் வந்தபோது
பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்,
பாதியில் நிறுத்திக்கொண்டான்.
ஒரு பையன் சத்தமாகவே கேட்டான்:
"இன்னாத்துக்குப்பா செத்துட்டாங்க?"
அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.
"சண்டைடா. சும்மா பாரு."

நான்கு நாளில் எடுத்துவிட்டார்கள்.
பட்டறையும் போனது என்று கேள்வி.
போன மாதம் என் ஜிபேயில்
ஒரு வார்த்தையில்லாமல் நானூறு விழுந்தது.
பன்னிரண்டு மூடி பாக்கி.
கேட்கவில்லை.

பாலத்தை அள்ளிவர லாரி வாடகை இல்லாமல்
அங்கேயே விட்டிருந்தோம்.
இறால் பிடிக்கிறவர்கள் அதில் வலை காயப்போடுகிறார்களாம்.
தெர்மாகோல் என்று தெரிந்தே
ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
அந்தக் கரைக்குப் போனாராம்.
தாங்கியதாம்.